கரம்பை என்று சொல்லாத நாள்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளங்க வைக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். ஆற்றிலும் ஏரியிலும் மண்ணும் நச்சும் எந்தப் பக்கம் நகரும், எங்கே போய்ப் படியும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்வது என்று தொடங்குவேன். பாதியிலேயே எதிரில் இருப்பவர் காப்பி டம்ளரைத் தேட ஆரம்பித்துவிடுவார். என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். "மாப்ள கம்ப்யூட்டருக்குள்ள கண்மா வெட்டுதான்." எங்கள் பக்கம் ஏரியைக் கண்மாய் என்போம். அன்றிலிருந்து நான் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள்கூட, "என்ன அண்ணாச்சி, ஒங்க கண்மால இந்த வருசம் தண்ணி எப்படி?" என்று கேட்பார்கள். சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படித்தவன் என்கிற நினைப்பும் கொஞ்சம் தூக்கல். அந்த நினைப்பு செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் நிலத்தை நான் கெடுத்தேன். மண்வெட்டியைத் தொடாமல், சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்தபடி கெடுத்தேன்.

நாங்கள் ஆடு மேய்த்த குடும்பம். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற பாதையில் உள்ள ஒரு கரிசல் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அத்தானுக்கு ஆடுகள் உண்டு. நிலம் என்று சொல்லிக்கொள்ள, கண்மாய்க்குக் கிழக்கே மூன்று ஏக்கர். அதுவும் சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கல் மேலே தெரிகிற துண்டு. பாகம் பிரித்தபோது, ஒன்றுக்கும் ஆகாது என்று பங்காளிகள் அவர் பக்கம் தள்ளிவிட்டது. அக்கா அதை விடவில்லை. கோடையில் ஆடுகளை அந்த நிலத்திலேயே அடைத்துக் கிடை போட்டு, புழுக்கையை மண்ணில் சேர்த்தாள். கண்மாய் வற்றுகிற வருசங்களில் கரம்பை அடித்தாள். கரம்பை என்பது கண்மாயின் அடியில் படிகிற கருப்பு மண். காய்ந்தால் வெல்லக்கட்டி மாதிரி உடையும். அதை அள்ளி வந்து வயலில் இறைத்து உழுதுவிட்டால் இரண்டு மூன்று வெள்ளாமைக்கு நிலம் வேறு எதையும் கேட்காது. பத்துப் பன்னிரண்டு வருசத்தில் அந்தச் சுக்கான் துண்டில் உளுந்தும் பாசியும் செழித்து நின்றன. "எனக்குப் பிள்ள ரெண்டுல்ல, மூணு" என்று நிலத்தையும் சேர்த்துச் சொல்வாள்.

அந்தக் கண்மாய்க்கு மேற்கே, ஓடையோரம், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. அக்கா கடைசியாகக் கரம்பை அடித்த பிறகு வந்த பட்டறை அது. இரண்டு மூன்று வருசம் கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டு, ஒருநாள் பிடிபட்டு, பூட்டப்பட்டது. பட்டறையைப் பூட்டியாயிற்று. ஆனால் ஓடை வழியாக ஏற்கெனவே கண்மாய்க்கு வந்து சேர்ந்த குரோமியமும் நிக்கலும் என்ன ஆகும்? தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்குமா, அடியில் படியுமா, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊருக்குப் போகுமா? கண்மாயை இப்படியே விட்டுவைக்கலாமா, இல்லை தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லும் வேலை என் கம்பெனிக்கு வந்தது. "உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்று என்னிடம் கொடுத்தார்கள். ஒரு திட்டத்துக்கு நானே தலைமை என்பது அதுதான் முதல் முறை.

தொடங்குவதற்கு முன் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். திட்டப் பகுதியில் எனக்கோ என் நெருங்கிய உறவினருக்கோ நிலம் இருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. இருக்கிறது என்று எழுதினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அந்த வேறொருவர் யார் என்றும் எனக்குத் தெரியும். அவருக்கு ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. என் ஊர்க் கண்மாயை அவர் கையில் கொடுப்பதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு 'இல்லை' என்று டிக் அடித்தேன். முதல் பொய் அதுதான். அப்போது அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை, திறமைசாலி செய்கிற சின்ன சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

மாடல் என்றால் இவ்வளவுதான். கண்மாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தரை எவ்வளவு ஆழம், தண்ணீர் எவ்வளவு, அதில் மிதக்கிற மண் எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டத்திடமும் கேட்டுக்கொண்டே போகும்: பக்கத்துக் கட்டத்திலிருந்து என்ன வந்தது, கீழே என்ன படிந்தது, காற்றடித்து எவ்வளவு மண் மறுபடி மேலே கிளம்பியது? உலோகம் தனியாகத் திரிவதைவிடப் பொடிமண்ணோடு ஒட்டிக்கொண்டு திரிவதையே விரும்பும். கரிசல் மண்ணோ பொடியிலும் பொடி. ஆகவே மண் போகிற இடம் தெரிந்தால் நச்சு போகிற இடம் தெரிந்துவிடும். நான் கஞ்சத்தனம் இல்லாமல் செய்தேன். ஐப்பசி மழையில் ஓடை கலங்கலாக வருவதைப் போட்டேன். மார்கழி வாடைக்காற்று அலையெழுப்பி அடிமண்ணைக் கிளறுவதைக்கூட மணிக்கு மணி பிரித்துப் போட்டேன். ஒரு டிராக்டரைத்தான் போடவில்லை.

கண்மாய் வற்றிக் கிடந்த கோடையில் டிரோன் பறக்கவிட்டு அதன் அடியில் உள்ள மேடு பள்ளங்களை அளந்திருந்தோம். படத்தை லேப்டாப்பில் திறந்தபோது கண்மாய் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சதுரம் சதுரமாக, சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிய குழிகள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, எல்லாம் கரம்பைக் குழிகள். நான் பிறந்த ஊரில் அப்பா மாட்டுவண்டியில் கரம்பை ஏற்றும்போது, நானும் அக்காவும் அப்படியொரு குழிக்குள் நின்றுகொண்டு கட்டி கட்டியாக எடுத்து மேலே கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என் நகக்கண்ணில் அந்தக் கருப்பு போகாது. ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

செங்குத்தான சுவர் மாடலுக்கு ஆகாது. அடுத்தடுத்த கட்டங்களில் ஆழம் திடீரென்று மாறினால் கணக்கு திணறும். தண்ணீர் கண்டபடி பாயும். கடைசியில் எண்கள் சிதறி எல்லாம் நின்றுவிடும். மூன்று நாள் முட்டி மோதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கரம்பைக் குழியின் ஓரத்தில் மாடல் செத்து விழுந்தது. நான்காம் நாள் எரிச்சல் தலைக்கேறி, மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். அதற்கென்றே ஒரு வசதி உண்டு, எல்லாரும் பயன்படுத்துவதுதான். ஊர் எத்தனையோ கோடைகளாக வெட்டிய குழிகளை நான் ஒரு நொடியில் மூடிவிட்டேன். மாடல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுந்து போய் டீ குடித்தேன்.

அந்தக் குழிகள் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த மண் இங்கேயே கிடப்பதில்லை, வருசாவருசம் கரையேறிப் போகிறது என்பதைத்தான் அவை சொல்லின. என் மாடலில் மண் வருவதற்கு ஓடை இருந்தது, போவதற்கு மறுகால் இருந்தது. டிராக்டரில் ஏறிப் போவதற்கு ஒரு வழியும் இல்லை. அது மனதில் தட்டுப்படாமல் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

முடிவு பிரமாதமாக வந்தது. உலோகம் மண்ணோடு ஒட்டி அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் அதன் மேல் புதுமண் மூடும். மூன்று மழைக்காலம் போனால் தண்ணீர் தெளிந்துவிடும். கண்மாயைத் தோண்ட வேண்டாம், கை வைக்காமல் விட்டாலே போதும். செலவில்லாத முடிவு என்பதால் எல்லாருக்கும் பிடித்தது. ரிப்போர்ட்டில் அந்த மண்ணுக்கு 'வண்டல் படிவு' என்று பெயர் எழுதினேன். கரம்பை என்று எழுதக் கை வரவில்லை. கல்லூரி முதல் வருசம் நான் பேசுகிற பேச்சைக் கேட்டு விடுதியே சிரித்தது. அன்றைக்கே நாக்கைக் கழுவிக்கொண்டவன் நான்.

ஊர் மக்களிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு காலைநேரம் அக்கா ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முன்வரிசையில் அதிகாரிகள். திரையில் என் கண்மாய், நீலமும் பச்சையுமாக. நான் புதுச் சட்டையில் நின்று, புத்தகத் தமிழில், "படிவு நிலையாக இருக்கும், படிவு நகராது, படிவினால் பாதிப்பில்லை" என்று முழங்கினேன். ஜனம் அமைதியாகக் கேட்டது. அந்த அமைதியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முடித்ததும் பின்னாலிருந்து வயதான ஒரு சம்சாரி எழுந்தார்; எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுத படிவத்த தாலுகா ஆபீஸ்ல குடுப்பாவளா, இல்ல இங்கனயே குடுப்பாவளா?"

கூடம் சிரித்தது. அதிகாரிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "படிவம் இல்லைங்கய்யா, படிவு. படி... வு" என்று ஒன்றாம் வகுப்பு வாத்தியார் மாதிரி பிரித்துச் சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அவர் கேட்டது என்னவென்று அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். கண்மாயில் கரம்பை அள்ள வேண்டுமென்றால் தாலுகா ஆபீசில் படிவம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கண்மாய், மண், படிவம் என்று மூன்றும் சேர்ந்து காதில் விழுந்தால் எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு வேறு என்ன தோன்றும்? கரம்பை அள்ளத்தான் இவ்வளவு பேர் காரில் வந்து பேசுகிறார்கள் என்று அவர் நினைத்தார். பாதிக் கூடம் அப்படித்தான் நினைத்தது. நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'படிவு என்று நான் சொன்னது கரம்பையைத்தான், பட்டறை விட்ட நச்சு அதில்தான் இருக்கிறது.' இவ்வளவுதான். சொல்லவில்லை.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்துவிட்டாள்.

"நீங்க சொல்லுதது கரம்பையத்தான? நஞ்சு அதுல படியும்னா, நாங்க கரம்ப அள்ளலாமா, கூடாதா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், உறவினருக்கு நிலம் 'இல்லை' என்று நான் டிக் அடித்த படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்த அதிகாரி. வாயைத் திறந்து 'அக்கா' என்றால் அந்தப் பொய் வெளியே வந்துவிடும். 'அள்ளக் கூடாது' என்றால், அள்ளுவது தெரிந்தும் ஏன் மாடலில் போடவில்லை என்ற கேள்வி வரும். நான் மூடிய குழிகளையெல்லாம் திறக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் தலைக்குள் ஓட ஒரு விநாடிகூட ஆகவில்லை. என் முகம் தானாகச் சிரித்தது.

"நல்ல கேள்வி, அம்மா" என்றேன். "எங்கள் ஆய்வின்படி படிவு இருக்கிற இடத்திலேயே இருக்கும். அள்ளுவது என்பது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது."

அக்கா என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த ஆள் என்று கூப்பிட்டு, கிட்டே போனதும் வேறு யாரோ என்று தெரிந்தால் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்காக வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். நான் அதிகாரிகளோடு காரில் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய் ஓட்டலில் சாப்பிட்டேன். வழியில் போன் செய்து, "வரமுடியலக்கா, அவியகூட கிளம்பிட்டேன்" என்றேன். "சரி சரி, நீ வேலையப் பாரு. கொழம்ப ஒங்க அத்தான் ஒரு கை பாத்துக்கிடுவாவ" என்றாள். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அடுத்த வைகாசியில் கண்மாய் வற்றியது. ரிப்போர்ட்டில் கரம்பை அள்ளக் கூடாது என்று ஒரு வரி இல்லை. இல்லாத வரியை எந்த ஆபீஸ் படிக்க முடியும்? கேட்டவர்களுக்கெல்லாம் அனுமதி கிடைத்தது. ஒருநாள் மதியம் வாட்ஸப்பில் அக்காவிடமிருந்து ஒரு படம். அவளுடைய மூன்று ஏக்கரில் கரம்பை குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஓரத்தில் டிராக்டர் நிற்கிறது. கூடவே அவள் குரல். "ஏலே, பாத்தியா? கெடக்க எடத்துலயே கெடக்கும், ஒண்ணும் செய்யாதுன்னு நீங்க சொல்லிட்டுப் போன பொறவு ஊரே அள்ளுது. நானும் நெலத்துக்கு வயிறு நெறய அடிச்சிட்டேன். ஒரு வாரத்துல எறச்சிருவேன்."

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை குவியலாகத்தான் கிடந்தன. இன்னும் இறைக்கவில்லை. அந்த நிமிடம் போன் போட்டுச் சொல்லியிருந்தால், வந்த டிராக்டரிலேயே திருப்பி ஏற்றியிருக்கலாம். நான் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். பரப்பினால் அடர்த்தி குறைந்துவிடும், அவள் எடுத்தது ஓரத்து மண்ணாக இருக்கும், மழை வந்தால் கழுவிவிடும் என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டேன். என்னைப் போல ஒரு நல்ல வாத்தியார் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

கார்த்திகையில் போன் செய்தாள். "உளுந்து மஞ்சளிச்சு மஞ்சளிச்சு நிக்குலே. வளரமாட்டேங்கு. வரப்போரம் மட்டும் பச்சையா இருக்கு." வரப்போரம் அவள் கரம்பை இறைக்கவில்லை என்பது எனக்குப் படத்திலேயே தெரியும். "மஞ்சள் தேமலா இருக்கும்க்கா, மருந்து அடிச்சுப் பாரு" என்றேன். அவள் மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, இல்லாத நோய்க்கு இரண்டு முறை மருந்தடித்தாள். இதை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நானாக உண்மையைச் சொன்னேன் என்று முடிக்க ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எங்கள் ஆபீசில் மாடல்களைச் சரிபார்க்கும் அம்மையார் ஒருவர் உண்டு. இன்னொரு கண்மாய்க்கு என் மாடலையே பயன்படுத்தலாமா என்று பார்க்க, டிரோன் எடுத்த பழைய படத்தைத் திறந்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் குழியெல்லாம் என்ன? மாடல்ல காணோமே?"

"கரம்பைக் குழி மேடம்" என்றேன். அந்த ஆபீசில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் முறை.

"அப்படின்னா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "அப்போ மண் அங்கே கிடக்கலை, வயலுக்குப் போகுது. இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றார்.

"ஆறாங்கிளாஸ்லேருந்து."

அவர் சிரிக்கவில்லை. நானும் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பிறகு மிச்சத்தையும் சொன்னேன், படிவத்தில் போட்ட டிக் உட்பட. அவர், "முதல்ல போய் மண்ணை எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அத்தானும் அக்காவும் களைவெட்டப் போயிருந்த வேறொருவர் காட்டிலிருந்து திரும்புவதற்குள், திருடன் மாதிரி அவள் நிலத்தில் இறங்கிப் பைகளில் மண் எடுத்துக்கொண்டு போனேன். சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. வரப்போரத்து மண்ணில் ஒன்றும் இல்லை. கரம்பை இறைத்த இடம் முழுக்கக் குரோமியமும் நிக்கலும் அளவுக்கு மேல். என் மாடல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: உலோகம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு எங்கேயும் போகாமல் கிடந்தது. அக்காவின் மூன்று ஏக்கரில் கிடந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். காலைவெயிலில் அவள் வயலில் குனிந்து, மஞ்சள் செடிகளுக்கு நடுவே ஏதாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தூறலில் கரிசல் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்து இழுத்தது. வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

"யக்கா, இது நோயில்ல. கரம்ப. பட்டறத் தண்ணியோட நஞ்சு கரம்பையில இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். முதலில் அவள் கேட்டது, "ஆடு மேஞ்சுதே?" என்றுதான். பிறகு, "இந்த உளுந்த வீட்டுக்கு எடுக்கலாமா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். ஆட்டையும் இனி இங்கே விடாதே என்றேன். எத்தனை வருசத்துக்கு என்று கேட்டாள். சோதனைக்கூடத்துத் தாளைப் பார்த்தேன், அதில் வருசம் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கையிலிருந்த செடியை அவள் கீழே போடாமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் ஆட்டுக்குட்டியைத் தொலைத்துவிட்டு வந்தபோது முதுகில் போட்ட மாதிரி இரண்டு போட்டிருந்தால் இன்னும் நல்லது. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல ஒன்ட்ட கேட்டேன்லா?"

"கேட்டே."

"நீ என்னைய அம்மான்ன. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சரி, இவன் இப்ப ஆபீசர், நாலு பேரு முன்னால ஆபீசர்ட்ட திருப்பித் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். நீ தம்பியா நின்னிருந்தா திருப்பிக் கேட்டிருப்பம்லே."

நான் அழுதேன். நாற்பது வயது ஆள், வரப்பில் நின்றுகொண்டு. அவள் கிட்டே வந்து கண்ணைத் துடைக்கவும் இல்லை, போடா என்று விரட்டவும் இல்லை. செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் அன்றிலிருந்து கம்ப்யூட்டர் கண்மாயைப் பற்றி ஒரு கேலியும் பேசுவதில்லை. "வா மாப்ள" என்பார், தண்ணீர் கொடுப்பார், ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விடுவார். ஒருகாலத்தில் எரிச்சல் மூட்டிய அந்தக் கேலியைத் திரும்ப ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். திட்டம் கைமாறியது; தலைமையும் போயிற்று. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகும். புது மாடலில் குழிகள் குழிகளாகவே இருக்கின்றன. மண் வர ஓடை, போக மறுகால், அதோடு டிராக்டரில் ஏறிப் போகும் வழியும் இருக்கிறது. கரம்பை இறைத்த மற்ற வயல்களிலும் மண் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஊரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதை நான்தான் சொல்வேன் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

அதே சமுதாயக் கூடம். இந்த முறை திரையில் நீலப் பச்சைக் கண்மாய் வேண்டாம் என்றுவிட்டேன். எழுந்து நின்றேன். புத்தகத் தமிழ் வந்து உதவுமா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"போன தடவ நான் படிவு படிவுன்னு சொன்னேன்லா, அது கரம்பதான். பட்டறத் தண்ணியில இருந்த நஞ்சு அதுலதான் கெடக்கு. அத அள்ளாதீங்க. இது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சொல்லல. இவிய எங்க அக்கா. இவிய கேட்டதுக்கும் நான் பதில் சொல்லல."

பின்னாலிருந்து அந்த வயதான சம்சாரி உட்கார்ந்தபடியே சொன்னார். "கரம்பைக்குப் படிவம் எங்க குடுப்பாவன்னுதான அண்ணாச்சி நான் கேட்டேன். சிரிச்சீங்களே." அவரும் தன் காட்டில் கரம்பை அடித்திருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்தாள்.

"சார்" என்றாள்.

என் அக்கா என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

"இனி அள்ளக் கூடாதுங்கீங்க. சரி, அள்ளல. ஏற்கெனவே எங்க நெலத்துல எறச்சு உழுதுட்டோமே, அந்தக் கரம்பைய எங்க கொண்டு கொட்ட? அத எடுத்துட்டா பொறவு என் நெலத்துல என்ன இருக்கும், சுக்கான் கல்லுதான இருக்கும்?"

அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது என்ற வாக்கியம், கூப்பிடாமலே, என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"தெரியலக்கா" என்றேன்.

"ஏலே, தெரியலன்னா என்ன அர்த்தம்?" என்றாள் அக்கா, அத்தனை பேர் முன்னாலும். "எப்பத் தெரியும்? யார்ட்ட கேட்டுச் சொல்லுவ?"

இந்த முறை அவள் உட்காரவில்லை.